டிஸ்ப்ளே வரல: இருண்ட மடிக்கணினித் திரை குறித்து ஓர் ஆய்வு

பழுது பார்க்கும் கடையில் மடிக்கணினியை மேசைமேல் வைப்பவர் சொல்வது பெரும்பாலும் இரண்டே சொல்: ‘டிஸ்ப்ளே வரல.’ அந்த இரண்டு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு பழுதுகள் அடங்கும். சார்ஜர் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் திரை இருட்டுதான். ரேமின் முனையில் அழுக்குப் படிந்தாலும் இருட்டுதான். விண்டோஸ் பாதி வழியில் நின்றுபோனாலும் இருட்டுதான். முதலாவதுக்கு ஒரு சார்ஜர் போதும். இரண்டாவதுக்குச் செலவே இல்லை. மூன்றாவதுக்கு ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்க வேண்டியதில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ‘போர்டு போயிடுச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுவதால்தான் இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டிய கணினிகள் பரண் ஏறுகின்றன.

இருண்ட திரைக்கான காரணங்கள், அவற்றைப் பிரித்தறியும் முறை, ஊருக்கு ஊர் மாறும் சூழல், பழுது நீக்குவதன் வரவு செலவு, சட்டம் ஆகிய ஐந்தையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. களமாக எடுத்துக்கொண்டது நாட்றம்பள்ளி வட்டாரம். வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 28 அன்று பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. ஒரு பக்கம் வாணியம்பாடியும் ஆம்பூரும் சேர்ந்த தோல் தொழில் வட்டாரம். மறுபக்கம் பர்கூர், கிருஷ்ணகிரி. மடிக்கணினிக்கு ஒரு உதிரிபாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ வர வேண்டும். பெருநகரத்தில் ஒரு மணி நேரத்தில் தீரும் சந்தேகம் இங்கே நாள்கணக்கில் இழுக்கும். பாகத்தை வரவழைக்கும் முன்பே பழுதைச் சரியாகக் கண்டறிவது இங்கே அதனால்தான் கூடுதல் முக்கியம்.

விலையில்லா மடிக்கணினி விட்டுச்சென்ற கேள்வி

தமிழகத்தின் சிற்றூர்களுக்கு மடிக்கணினி பெருவாரியாக வந்தது அரசுத் திட்டத்தின் வழியாகத்தான். அன்றைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் லெனோவோ, ஏசர், எச்.பி. உள்ளிட்ட நிறுவனங்களின் கணினிகள் சென்றன. முதல் ஆண்டுகளில் கொடுத்தவை 14 அங்குலத் திரையும் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் கொண்டவை. கொரோனாவுக்கு முன்பு விநியோகம் நின்றபோது எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரும் புதிய அறிவிப்பு வந்தது.

தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுவாகவே இருந்தது. கணினியைக் கொடுப்பதற்குத் திட்டம் இருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அது இருண்டுபோனால் என்ன செய்வது என்பதற்கு இல்லை. முதல் கணினிகள் வந்த காலமும் சாதகமானதல்ல. 2012-இல் தமிழகம் கடும் மின்வெட்டில் இருந்தது. மின்சாரம் போவதும் வருவதும், வரும்போது அழுத்தம் எகிறுவதும் சார்ஜர்களைச் சோதித்தன. கொரோனா காலத்தில் வேறொரு வகைச் சேதம்: மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த லித்தியம் பேட்டரிகள் தாமாகவே வடிந்து, பாதுகாப்புச் சுற்று அவற்றை மூடிவிடும் அளவுக்குக் கீழே இறங்கின. அப்படிப்பட்ட கணினி சில சமயம் சார்ஜர் செருகியும் எழாது. உடையவர் அதைச் செத்துப்போனதாக எண்ணிக்கொள்வார்.

திரையில் படம் வருவதற்குள் நடப்பவை

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து சின்னம் தோன்றும் வரை நடப்பதை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதலில் சார்ஜரோ பேட்டரியோ தரும் மின்சாரம் போர்டுக்குள் நுழைகிறது. பெரும்பாலான சார்ஜர்கள் தருவது 19 அல்லது 20 வோல்ட். போர்டு அதை 5, 3.3, ஒரு வோல்ட்டை ஒட்டிய பல அளவுகளாக உடைத்து, ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஒவ்வொரு பகுதிக்கும் அனுப்புகிறது. வரிசையில் ஒன்று தவறினாலும் அடுத்தது தொடங்காது.

இரண்டாம் கட்டத்தில், பிராசசர் ஒரு சிறு ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படிக்கிறது. பயாஸ் முதலில் ரேமைத் தேடிச் சரிபார்க்கும். ரேம் கிடைக்கும் வரை படம் வரைய இடமில்லை. காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் முதல் சந்தேகம் ரேம்மீது விழுவது இதனால்தான்.

மூன்றாம் கட்டத்தில் படம் கேபிள் வழியே திரைப் பலகைக்குப் போகிறது. எல்.சி.டி. திரை தானாக ஒளிராது. அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கின்றன. திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படமாக்குகின்றன. படத்துக்கு ஒரு வழி, வெளிச்சத்துக்கு வேறு வழி. தெருவிளக்கு எரியாததால் தெருவே இல்லை என்று சொல்ல மாட்டோம். பின்விளக்கு அணைந்த திரையில் படம் இல்லை என்று சொல்வதும் அதே தவறு.

2010-ஐ ஒட்டிய காலம் வரை பல மடிக்கணினிகளில் மெல்லிய குழல் விளக்கும் அதை எரிக்க இன்வெர்ட்டர் என்ற தனிப் பலகையும் இருந்தன. அந்தக் காலத்து அறிவை வைத்துக்கொண்டு ‘இன்வெர்ட்டர் போயிருக்கும்’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எல்.இ.டி. வந்த பிறகு அந்தப் பலகையே இல்லை. அதன் வேலையைத் திரைப் பலகையிலேயே உள்ள ஒரு சிறு ஐசி செய்கிறது.

நான்கு வகை இருட்டு

மேற்சொன்ன கட்டங்களை வைத்து இருட்டை நான்காகப் பிரிக்கலாம். எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, மின்சாரமே ஏறாத இருட்டு. விளக்கு இல்லை, காற்றாடி இல்லை, சூடும் இல்லை. இங்கே திரையைப் பற்றிப் பேச இடமே இல்லை. சுவர் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். பிளக்கில் வேறொரு பொருளைச் செருகிப் பார்ப்பது, அதே வோல்ட்டும் போதிய வாட்டும் உள்ள வேறு சார்ஜரைப் போட்டுப் பார்ப்பது, சார்ஜர் பின் நுழையும் துளை ஆடுகிறதா என்று பார்ப்பது ஆகியவை வீட்டிலேயே முடியும். அடுத்தது, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே எடுக்கும் மாதிரியானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சிப் சிக்கிக்கொண்டு நின்ற கணினிகள் இந்த ஒரு செயலிலேயே எழுந்துவிடும். இதற்கும் அசையாவிட்டால்தான் மல்டிமீட்டரோடு போர்டைத் திறக்க வேண்டும்.

போர்டைத் திறந்ததும் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. இவ்வகைப் பழுதில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி, 19 வோல்ட் பாதையில் இருக்கும் அரிசி மணியைவிடச் சிறிய ஒரு பீங்கான் மின்தேக்கி. அது ஷார்ட் ஆனால் மொத்த போர்டும் எழாது. குறைந்த வோல்ட்டைச் செலுத்தி எந்த இடம் சூடாகிறது என்று பார்த்து அதை எடுத்துவிட்டால் கணினி உயிர் பெறுகிறது. சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவர் இதைச் சில ரூபாய்ப் பாகத்தால் முடிப்பார். தெரியாதவர் போர்டையே மாற்றச் சொல்வார்.

இரண்டாம் வகை, மின்சாரம் உண்டு, படம் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் முதல் சோதனைக்கு அதுவே போதும். கணினியை அதோடு இணைத்து, விண்டோஸ் விசையுடன் ‘பி’ (P) விசையை அழுத்தித் திரைத் தெரிவை மாற்றிப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் வந்தால் போர்டு, பிராசசர், ரேம், விண்டோஸ் எல்லாம் நலம். பழுது திரைப் பக்கம். வராவிட்டால் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு அழுத்தும்போதெல்லாம் எரிந்து அணைந்தால் கணினி உள்ளே விழித்திருக்கிறது. விளக்கு தானாகவே ஒரு தாளத்தில் மின்னினாலோ பீப் ஒலி வந்தாலோ அது பயாஸ் சொல்லும் குறிப்பு. எச்.பி. கணினிகளில் கேப்ஸ் லாக் மின்னலும், டெல் கணினிகளில் பவர் விளக்கின் நிற மாற்றமும் எந்தப் பாகம் பழுது என்பதைச் சொல்லும். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அந்த மாதிரியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஊகத்துக்கு இங்கே வேலை இல்லை.

குறிப்பு ரேமைக் காட்டினால், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, இரு துளைகளிலும் மாற்றிப் போட்டுச் சோதிக்க வேண்டும். புது வகை டி.டி.ஆர். 5 ரேம் போட்ட கணினி முதல் முறை எழும்போது சில நிமிடம் இருட்டாகவே நிற்கும். அது ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பொறுமையில்லாமல் அணைத்துவிடக் கூடாது.

பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனாலும் இதே இருட்டுதான். மின்வெட்டு இயல்பான ஊரில், பேட்டரி பலமில்லாத கணினியில் பயாஸைப் புதுப்பிப்பது வேண்டாத விளையாட்டு. நடந்துவிட்டால் பல எச்.பி. கணினிகளில் விண்டோஸ் விசையையும் ‘பி’ (B) விசையையும் பிடித்தபடி பவரை அழுத்துவதும், டெல் கணினிகளில் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடிப்பதும் மீட்பு வழிகள். அவையும் பலிக்காவிட்டால் கடைக்காரர் சிப்பைத் தனிக் கருவியில் வைத்துத் திரும்ப எழுதுவார்.

மூன்றாம் வகை, படம் உண்டு, வெளிச்சம் இல்லை. இருண்ட அறையில் செல்போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தால் சன்னமாக எழுத்தோ சின்னமோ தெரியும். தெரிந்தால் பின்விளக்கோ அதற்கான ஃபியூஸோ கேபிளோதான் பழுது. முதலில் பிரகாச விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டில் முழுதும் குறைத்துவிட்டு வருவது உண்டு. அடுத்து மூடி உணரி. மூடியில் ஒரு காந்தமும் அடியில் ஓர் உணரியும் இருப்பதால், காந்தப் பொத்தான் வைத்த பையோ ஸ்பீக்கரோ அருகில் இருந்தால் மூடி சாத்தியிருப்பதாக நினைத்துக் கணினி திரையை அணைக்கும். திரையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்தால் மட்டும் படம் வருகிறதென்றால் கீல் வழியே போகும் கேபிள் தேய்ந்திருக்கிறது. கேபிள், திரைப் பலகையைவிட வெகு மலிவு. டெல் கணினிகளில் ‘டி’ (D) விசையைப் பிடித்தபடி பவரை அழுத்தினால் திரை தன்னைத்தானே வண்ணங்களால் சோதித்துக்கொள்ளும். வண்ணம் ஒழுங்காக வந்தால் திரையை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்கலாம்.

நான்காம் வகை, நிறுவனத்தின் சின்னம் வந்து பிறகு இருளுவது. சின்னம் வந்துவிட்டால் மின்சாரம், ரேம், கேபிள், பின்விளக்கு எல்லாம் வேலை செய்கின்றன. சந்தேகம் மென்பொருளின் மேல். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ (B) நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். பலிக்காவிட்டால், விண்டோஸ் எழும்போது பவரை அழுத்தி அணைப்பதைத் தொடர்ந்து செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய்ப் புதிதாக வந்த டிரைவரை நீக்கலாம். உரிமம் செல்லாத விண்டோஸில் பின்புலப் படம் மட்டும் கறுப்பாகும். ஐகான்கள் தெரியும். அது பழுதே அல்ல. திருட்டைத் தடுக்கச் சில மாணவர் கணினிகளில் வைத்த பூட்டும் இப்படித்தான். திரை பூட்டுச் செய்தியைக் காட்டுகிறதென்றால் கணினி உயிரோடு இருக்கிறது.

உற்பத்தியிலேயே பிறந்த இருட்டு

எல்லா இருட்டுக்கும் பயன்படுத்துபவர் காரணமல்ல. என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில், தன் மடிக்கணினி கிராஃபிக்ஸ் சிப்புகள் பழுதாவதை ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கும் அதன் தாங்கு பலகைக்கும் இடையிலான நுண்ணிய ஈயக் குமிழ்கள் விரிசல் விட்டன. அந்தத் தலைமுறை எச்.பி., டெல், ஆப்பிள் கணினிகள் பலவற்றில் திரை இருண்டது. 2011-இல் வந்த மேக்புக் ப்ரோக்களின் கிராஃபிக்ஸ் பழுதுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. 2016-இன் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் திரைக்குப் போகும் கேபிளின் நீளம் போதாமல் திறந்து மூடும்போது உரசித் தேய்ந்தது. அதற்கும் 2019 மே மாதத்தில் இலவசத் திட்டம் வந்தது.

நம் ஊர்க் கடைகளில் ஹீட் கன் வைத்துச் சிப்பைச் சூடாக்கும் வைத்தியம் பரவியது அந்த என்விடியா காலத்திலிருந்துதான். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை விதித்தபின் வந்த பற்றாசு உருக 217 பாகை வேண்டும். பழைய ஈயப் பற்றாசுக்கு 183 போதும். சூடாக்கினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், கணினி எழும், சில வாரத்தில் மறுபடி இருளும். விரிசல் சிப்புக்கு உள்ளே இருப்பதால், சிப்புக்கு அடியில் உள்ள குண்டுகளை மாற்றும் ரீபாலிங்கும் நிலைப்பதில்லை. ஹீட் அடித்துத் தரும் கணினி விற்கத்தான் பயன்படும், வைத்துக்கொள்ளப் பயன்படாது.

தோல் வட்டாரத்தின் காற்று

கையேடுகள் எல்லாம் குளிரூட்டிய அறையை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. இந்த வட்டாரத்தில் கோடை வெயில் 40 பாகையைத் தாண்டும். தகர ஷீட் வேய்ந்த வீட்டில் மெத்தைமேல் வைத்து இயக்கும் கணினியின் காற்றுத் துளை அடைபட்டு, தூசு படிந்த காற்றாடியால் சூட்டை வெளியேற்ற முடியாமல் போகும். அளவு மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள நொடியில் அணைந்துவிடும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அணைந்து, ஆறியபின் எழுந்தால் காற்றாடியைச் சுத்தம் செய்து, பிராசசர்மேல் உள்ள காய்ந்த பேஸ்ட்டை மாற்றினாலே போதும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சந்தேக நபர் கந்தகம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பது தோல் பதனிடும் முறை. அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தாலோ தேங்கிக் கிடந்து பிராணவாயு அற்றுப்போனாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். அழுகிய முட்டை வாடை அதனுடையது. பாலாற்று மாசு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது முதல் பேச்செல்லாம் தண்ணீரையும் மண்ணையும் பற்றியே இருந்தது. காற்று கணினிக்குச் செய்வது அதிகம் பேசப்படவில்லை.

ஆனால் உலகில் அது பேசப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பழுதாகித் திரும்பும் மதர்போர்டுகள் வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை இன்டெல் கவனித்து ஆராய்ந்த செய்தி 2013-இல் வெளியானது. செப்புத் தடங்கள் அரித்திருந்தன. காரணம் காற்றில் இருந்த கந்தகம். அது செப்போடும் வெள்ளியோடும் சேர்ந்து கறுப்புச் சல்ஃபைடாகிறது. போர்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும் சிறு மின்தடைகளின் உள்முனை வெள்ளியாலானது. அது சல்ஃபைடாக மாறினால் மின்தடை அறுந்ததற்குச் சமம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. கடைக்காரர் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஓடல’ என்று கைவிரிக்கும் போர்டுகளில் இதைத் தேட வேண்டும்.

மின்னணுக் கருவிகள் இருக்கும் அறைக் காற்றை அளக்க ஐ.எஸ்.ஏ. 71.04 என்ற தர அளவு உண்டு. மெருகேற்றிய செப்புத் தகட்டை ஒரு மாதம் அந்த அறையில் தொங்கவிட்டு, படிந்த அரிப்பின் கனத்தைப் பார்ப்பார்கள். 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் காற்று மென்மையானது. அந்த நிலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் மூன்று பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். மனித மூக்குக்கு அந்த வாடை எட்டுவது பலருக்கு நூறு கோடியில் பத்துப் பங்கை ஒட்டித்தான். அதாவது, வாடை மூக்கில் ஏறும் இடத்தில் கணினிக்கான எல்லை ஏற்கெனவே கடந்திருக்கிறது. வாடை வீசும் திசையின் சன்னலைச் சாத்துவது, ஈரம் தேங்காத இடத்தில் கணினியை வைப்பது, மழைக்காலத்தில் மாதக்கணக்கில் மூடி வைக்காமல் இடையிடையே இயக்கி உள்சூட்டால் ஈரத்தை விரட்டுவது ஆகியவை செலவில்லாத காப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பள்ளிகளின் கணினி அறைகளில் அறைக்கொரு செப்புத் தகட்டைத் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை நிறத்தைக் குறித்துவைப்பது வேதியியல் ஆசிரியர் ஒருவரே நடத்தக்கூடிய ஆய்வு. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குத் துணை நிற்கலாம்.

கடையும் கணக்கும்

பழுது பார்ப்பவர்கள் எல்லாரையும் குறை சொல்ல முடியாது. சிற்றூர்க் கடைக்காரர், உற்பத்தியாளரின் வரைபடமோ பாகமோ கிடைக்காமல், பழைய போர்டுகளிலிருந்து பாகங்களை எடுத்து உயிர் கொடுப்பவர். இருந்தாலும் வாடிக்கையாளர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

சின்னமே வராத கணினிக்கு ‘ஃபார்மட் அடிக்கணும்’ என்று சொன்னால் அதை மறுக்கலாம். சின்னம் வருவதற்கு முன் விண்டோஸுக்கு அங்கே வேலையே இல்லை. திரை இருண்டால் கோப்புகள் அழிந்ததாகப் பொருளில்லை. ஹார்டு டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ தனியாகக் கழற்றி வேறு கணினியில் படிக்கலாம். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் அந்த எண்ணைக் கணினி நலமாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதுக்குக் கொடுத்த கணினிகளில் உரிமையாளரின் சொந்தப் படங்களைச் சில கடைகளில் திறந்து பார்த்தது பதிவானது. திரைப் பழுதுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேட்கலாம். முடிந்தால் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்கலாம்.

வரவு செலவைப் பார்க்கும்போது ஒரு வரிசை தெளிவாகிறது. மின்சாரம் வடிப்பது, ரேம் துடைப்பது, வெளித்திரையில் பார்ப்பது, டார்ச் அடிப்பது ஆகிய நான்குக்கும் செலவில்லை. சார்ஜர், கேபிள், ரேம் ஆகியவை நடுத்தரச் செலவு. திரைப் பலகையும் போர்டும் கடைசி. பழைய மாணவர் கணினிக்குப் புதுப் போர்டு போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதே பணத்துக்குச் சற்றே புதிய பழைய கணினி கிடைத்துவிடும். அந்த முடிவை எடுக்கும் முன் மற்றவற்றையெல்லாம் விலக்கியாக வேண்டும். உப்பிய பேட்டரி மட்டும் விதிவிலக்கு. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உடனே கழற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

சட்டமும் கொள்கையும்

பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுநீக்க மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. கழற்றுவது எளிதா, பாகம் கிடைக்குமா, கையேடு உண்டா என்பவை விலைச் சீட்டின் பக்கத்திலேயே தெரியும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையவாயிலைத் திறந்தது. மடிக்கணினிக்கு இன்னும் மதிப்பெண் வந்தாகவில்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புது வடிவில் நடைமுறையில் உள்ளன. கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. எஞ்சியதில் பரணில் கிடக்கும் இருண்ட மடிக்கணினிகளும் சேரும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2018 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களைத் தொடங்கியது. அதன் பாடங்களில் ஹார்டுவேரும் ஒன்று. பள்ளிக் கணினியைத் திறந்து பார்க்கும் துணிச்சல் பத்தாம் வகுப்புக்கு முன்பே மாணவர்களுக்கு வருகிறது. தமிழகம் கணினிகளை வழங்கியதில் கேரளத்தை விஞ்சியது. பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் பின்தங்கியது.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது. திரை இருண்ட மடிக்கணினிகளில் பெரும்பங்கை மின்சாரம், ரேம், கேபிள், மென்பொருள் ஆகிய நான்கில் ஒன்றாகப் பிரித்தறிந்து, போர்டைத் தொடாமலே எழுப்பலாம். சோதனை வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும். தோல் வட்டாரத்தில் சூடு, ஈரம், கந்தகம் மூன்றையும் காரணப் பட்டியலில் சேர்க்காத எந்தக் கண்டறிதலும் முழுமையாகாது.

புதிதாகக் கணினி வழங்கும் அரசு, ஒவ்வொரு கணினியோடும் இந்தச் சோதனை வரிசையைத் தமிழில் ஓர் அட்டையில் அச்சிட்டுத் தரட்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் பழுதுநீக்கக் கையேடும் குறைந்தது ஐந்து ஆண்டு கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு தொழிற்பயிற்சி நிலையமோ பாலிடெக்னிக்கோ மாதம் ஒருநாள் பழுது பார்க்கும் முகாம் நடத்தட்டும். நாட்றம்பள்ளியில் ஒரு மல்டிமீட்டர், ஓர் உதிரி ரேம், ஒரு வெளித்திரை, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் முகாமைத் தொடங்கிவிடலாம். அதுவரை, பரணில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதை இறக்கி, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பவில்லை என்றால் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.